கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து டேபிள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

போன பௌர்ணமி அன்று நடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். திருவொற்றியூர் வடிவுடையம்மனைத் தரிசனம் செய்துவிட்டு அப்பா, அம்மா, என் பையன், நான் நாலு பேரும் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஏசி ஹோட்டலுக்குப் போனோம். பேர் வேண்டாம். அப்பா வேட்டி சட்டையில் இருந்தார், தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. உள்ளே கண்ணாடி ஓரமாக மூன்று டேபிள் காலியாக இருந்தன. வாசலில் நின்றவர் அப்பாவை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார், நேராகக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து டேபிளைக் காட்டினார். "அங்க உக்காரலாமே" என்று கண்ணாடி ஓரத்தைக் காட்டினேன். "அது ரிசர்வ் மேடம்" என்றார். எங்களுக்குப் பிறகு வந்த இரண்டு குடும்பங்கள் அங்கேதான் உட்கார்ந்தன. அவர்களிடம் யாரும் ரிசர்வ் பற்றிப் பேசவில்லை.

டேபிள் துடைக்க வந்த பையன் ஈரத்துணியால் ஒரே இழுப்பு இழுத்தான். முன்னால் சாப்பிட்டவர்கள் சிந்திய சோறு அப்பா மடியில் வந்து விழுந்தது. அப்பா துண்டால் தட்டிவிட்டுக்கொண்டார். தண்ணி கேட்டோம். "பாட்டிலா?" என்றார் சப்ளையர். "சாதா தண்ணியே குடுப்பா" என்றார் அப்பா. அந்த சாதா தண்ணி வர கால் மணி நேரம் ஆனது. அதுவும் நாலு டம்ளருக்குள்ளும் விரலை விட்டு, ஒரே கையில் கொத்தாகத் தூக்கி வந்து வைத்தார். இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டதற்கு, "எக்ஸ்ட்ரா சாம்பாருக்குத் தனி பில்" என்று சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். கண்ணாடி ஓர டேபிளுக்கு வாளியோடு போய் ஊற்றினார்கள். அதையும் அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பில் வந்தது. சாப்பாடு 840 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 84 ரூபாய், இரண்டையும் சேர்த்து அதன் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்தம் 970. நான் பாரிமுனையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன், பில் பார்ப்பதுதான் என் வேலை. ஜிஎஸ்டி அரசாங்கத்துக்குப் போகிறது, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. அது ஹோட்டல்காரர்கள் தாங்களாகப் போட்டுக்கொள்வது. அதை எடுத்துவிட்டால் வரியும் குறைந்து 882 ரூபாய்தான் வரும்.

கல்லாவில் கேட்டேன். "சிஸ்டம்லயே வந்துடும் மேடம், எடுக்க முடியாது" என்றார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதியே சொல்லிவிட்டது: ஹோட்டல்கள் தாமாக சர்வீஸ் சார்ஜை பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பேரில் வாங்கக் கூடாது, தர மறுப்பவரை வற்புறுத்தக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்த மாதமே தடை வாங்கின. கடைசியில் 2025 மார்ச் 28 அன்று அந்த வழக்குகள் தள்ளுபடி ஆகின, விதிகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. இதையெல்லாம் நிதானமாகத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாரே தவிர பில்லைத் தொடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அங்கேயே நின்று போன் போட்டேன். ரிங் போவதற்குள் மேனேஜர் புது பில்லோடு வந்துவிட்டார்.

அந்த 88 ரூபாயை அவர்களே வைத்துக்கொண்டிருந்தாலும் என் மனசு இப்படி வலித்திருக்காது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவ பேன்ட் போட்டுக்கிட்டு வரேன்மா."

இந்தப் பக்கத்திலேயே பிறந்து, இந்தத் துறைமுகத்திலேயே உழைத்த மனுஷன் தன் ஊர் ஹோட்டலில் சாப்பிட எதற்குப் பேன்ட் போட வேண்டும்? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

அக்கா, எங்களுக்கு நடந்தது பெரம்பூர் பக்கம் ஒரு காபி ஷாப்பில். ஃபுட்பால் ஆடி முடித்து நாலு பேர் போயிருந்தோம். ஆர்டர் எடுத்ததும், "முன்னாடியே பே பண்ணிடுங்க" என்றார்கள். சரி, இங்கே வழக்கம் போல என்று கட்டிவிட்டோம். பக்கத்து டேபிளில் எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் பில் கேட்டார்கள். நாங்கள் எழுந்து ஓடிவிடுவோம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தக் காபி தொண்டையில் இறங்கவே இல்லை.

ராயபுரத்திலிருந்து:

நான் 11 வருஷம் சப்ளையராக இருந்தவன். அதனால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்.

தண்ணி லேட் ஆவதற்குக் காரணம் இருக்கிறது. பௌர்ணமி, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு ஆளுக்கு எட்டு டேபிள், பத்து டேபிள் பிரித்துக் கொடுப்பார்கள். காலை ஆறு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி கடை கட்டும்வரை நிற்க வேண்டும். வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்தது. நான் வேலை பார்த்த கடையில் ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை. பாட்டில் தண்ணி இத்தனை விற்க வேண்டும் என்று காலையிலேயே எண்ணிக்கை சொல்லிவிடுவார்கள், அதனால்தான் முதல் கேள்வியே "பாட்டிலா?" என்று வருகிறது. சர்வீஸ் சார்ஜ் என்று வாங்கிய காசு ஒரு நாளும் என் கைக்கு வந்ததில்லை. டேபிளில் வைத்துவிட்டுப் போகிற டிப்ஸ்தான் எங்களுக்கு.

ஆனால் உங்கள் அப்பாவை உட்கார வைத்த இடத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அது கூட்டத்தால் வருவதில்லை. "ரோட்டுல போறவன் கண்ணாடி வழியா பாப்பான், பாத்து உக்கார வை" என்று முதலாளி சொல்லி வைப்பார். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். காசிமேட்டுக்காரர் ஒருவர் கடலுக்குப் போய்வந்த கையோடு, மீன் வாடையோடு வருவார். அவரை எப்போதும் மூலையில்தான் உட்கார வைப்பேன். ஒரு நாள் மூலையில் இடமில்லை. ஹால் காலியாக இருந்தும் அவரை வெளியே நிற்கச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். போட்டில் போகிற பதினைந்து பேருக்கும் பரோட்டா பார்சல் வாங்குபவர் அவர்தான். அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கம் வரவே இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஒன்று சொல்கிறேன். சப்ளையரிடம் சத்தம் போடாதீர்கள், அவரால் எதையும் மாற்ற முடியாது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "அந்த டேபிள் காலியா இருக்கு, அங்க மாறிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நடங்கள். நடக்க ஆரம்பித்தவரை யாரும் தடுப்பதில்லை.

பெரம்பூரிலிருந்து:

மரியாதை விஷயம் இல்லை, சாப்பாட்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பார்சல் வாங்கினேன், பிரித்தால் கறியில் கெட்ட வாடை. திரும்பக் கொண்டுபோனால், "காலைல இறக்குன சட்டிதாம்மா, உங்களுக்கு மூக்குல கோளாறு" என்றார். அவ்வளவு பேர் முன்னால். போட்டோ, பில் இரண்டையும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்பினேன். அதிகாரி ஒருவர் போன் செய்து விவரம் கேட்டுக்கொண்டார். பில்லில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பில் கேளுங்கள். பில் இல்லாமல் பேச ஆரம்பித்தால் நம் பேச்சு எடுபடாது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. ராயபுரம் அண்ணே, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பையனும் நின்னுக்கிட்டேதானே இருந்தான்" என்றார்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று சிலர் தனியாகக் கேட்டீர்கள். போகலாம். நமக்கென்று சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் பில்லில் இருக்கும் தப்பை நிரூபிப்பது போல ஒரு பார்வையை நிரூபிக்க முடியாது. அதனால் முதல் பில்லின் போட்டோவை வைத்து 1915-ல் சர்வீஸ் சார்ஜ் புகாரை மட்டும் பதிவு செய்துவிட்டேன். எனக்கு எடுத்துவிட்டார்கள், சரி. அடுத்த டேபிளுக்கு அந்த மெஷின் அதே 10 சதவீதத்தைத்தானே அடித்துக்கொண்டிருக்கும்?

முதலாளிக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். டேபிள், துணி, டம்ளர், சாம்பார் எல்லாம் நடந்தபடியே எழுதினேன். 12 நாள் ஆகிறது, பதில் இல்லை.

நேற்று சாயங்காலம் அப்பாவை பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. வேலைக்குப் போன காலத்தில் அப்பாவுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. கடைக்காரர் நூடுல்ஸும் கோஸும் கையால் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார். "பெரியவரே, நிக்காதீங்க" என்று தான் உட்காரும் ஸ்டூலைக் காலால் தள்ளாமல், குனிந்து கையால் எடுத்துப் போட்டார். வாழைத்தண்டு சூப் தீரத் தீரக் கேட்காமலே ஊற்றினார். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். எந்தக் கப்பலில் என்ன சரக்கு வரும் என்று என் பையனுக்குக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். பேன்ட் பேச்சை எடுக்கவில்லை.