தவக்காலத்தில் செபிக்க அமரும்போதே சோதனை வலுப்பது ஏன்?

கேள்வி: குடமுருட்டிக் கரையான் (திருக்காட்டுப்பள்ளி)

இயேசுவுக்கே புகழ். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூசிக்கொண்டபோது, உயிர்ப்புப் பெருவிழா வரை மதுவைத் தொடுவதில்லை என்று ஆண்டவர் முன் உறுதி எடுத்தேன். சம்பா அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் காலம் இது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடிவிடுவதால் ஆறு மணலாகக் கிடக்கிறது, பொழுது சாய்ந்ததும் நண்பர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். பகலில் உளுந்து வயலில் வேலையாக இருக்கும்வரை ஒன்றும் தோன்றுவதில்லை. மாலையில் செபமாலையைக் கையில் எடுத்தவுடன்தான் அந்த ஆசை வந்து முன்னே நிற்கிறது. என் செபத்தில் ஏதேனும் குறை உண்டா? மேலும், தவக்காலத்தின் நாற்பது நாள் கணக்கில் ஞாயிறு சேராது, ஆகவே அன்று மட்டும் குடிக்கலாம் என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். அது சரிதானா?

பதில்: மறைக்கல்வி ஆசிரியை (கும்பகோணம்)

முதலில் ஞாயிற்றுக் கணக்கைப் பார்த்துவிடுவோம், சகோதரரே. திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்புக்கு முந்தின பெரிய சனி வரை 46 நாள்கள். அவற்றில் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று ஒருசந்தி நோன்பு கிடையாது. ஆக, உங்கள் நண்பரின் கணக்கில் பிழையில்லை. ஆனால் திருச்சபை இன்று ஒருசந்தியைக் கடமையாக்கியிருப்பது திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே. நீங்கள் எடுத்த உறுதியோ உங்கள் சொந்த விருப்பத்தில் எடுத்தது. உயிர்ப்புப் பெருவிழா வரை என்று சொன்னபோது அதில் எந்த நாளையும் நீங்கள் விலக்கி வைக்கவில்லை.

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று வாசிக்கப்படும் நற்செய்தியை நினைத்துப் பாருங்கள். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், இயேசுவை ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லும் அலகை (சாத்தான்), தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்னும் 91-ஆம் திருப்பாடலை எடுத்துக் காட்டுகிறது. வசனம் உண்மையானது, அதை எடுத்த நோக்கம்தான் கெட்டது. (உங்கள் நண்பரை அலகை என்று நான் சொல்லவில்லை, அவர் நல்ல மனிதராகவே இருக்கக்கூடும்.) இயேசு அந்தத் திருப்பாடலுக்கு விளக்கம் சொல்லி வாதாடவில்லை, மூன்று சோதனைகளுக்கும் இணைச்சட்ட நூலிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து மறுமொழி கூறி முடித்துவிட்டார். மாலை நேரத்தில் நண்பரோடு கணக்குப் பேசத் தொடங்கினால், பேச்சில் நீங்கள் வென்றாலும் ஆற்று மணலில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

செபத்தில் குறையா என்றால், இயேசுவைப் பாலைநிலத்துக்கு அழைத்துச் சென்றவரே தூய ஆவியார்தான் என்று அதே அதிகாரம் தொடங்குகிறது. அவர் நோன்பிருந்து பசித்த பின்னரே சோதிக்கிறவன் அணுகினான். ஆகவே ஆசை எழுவதைக் கொண்டு உங்கள் செபத்தை எடைபோடாதீர்கள்.

பதில்: பொறையாறு வாசகர்

தோத்திரம் ஐயா. நாங்கள் தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையார். லெந்து காலத்தில் (தவக்காலத்தில்) உபவாசத்தை யார்மீதும் சட்டமாகச் சுமத்துவதில்லை. கடவுள் ஒருவரையும் சோதிப்பதில்லை என்றும், பிசாசும் உலகமும் நம் மாம்சமும் நம்மை வஞ்சிக்காதபடி அவர் காத்துக்கொள்ளவே கர்த்தருடைய ஜெபத்தில் எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாதேயும் என்று வேண்டுகிறோம் என்றும் எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529-இல் விளக்கினார்.

சகோதரி சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது போதாது என்று கருதுகிறேன். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீடர்களிடம் ஜெபிக்க மட்டும் சொல்லவில்லை, விழித்திருக்கவும் சொன்னார். ஆசை எந்த நேரத்தில், எந்த வழியாக வருகிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அந்த நேரத்துக்கு முன்பே, வயலைவிட்டுப் புறப்படுவதற்குள் ஜெபித்துவிடுங்கள். ஆசை கிளம்பிய பிறகு நீண்ட ஜெபத்தில் மனம் நிற்பது கடினம். எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் கற்ற ஜான் கசியான், 5-ஆம் நூற்றாண்டில், 70-ஆம் சங்கீதத்தின் (திருப்பாடலின்) முதல் வசனத்தையே எல்லா வேளைக்கும் உரிய ஜெபமாகப் பரிந்துரைத்தார். கடவுளே, எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும் என்பதே அதன் சாரம். பசி, கோபம், உறக்கமின்மை, ஆசை எதுவானாலும் அந்த ஒரே வசனம்தான். அதையே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு, ஆற்றங்கரைப் பாதையைத் தவிர்த்து வேறு வழியாக வீட்டுக்குப் போங்கள்.

பதில்: நாகப்பட்டினம் செவிலியர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். இது உடல் சார்ந்தது. விசுவாசக் குறைவு என்று எண்ணி வீட்டிலேயே கிடக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

குடமுருட்டிக் கரையான்

மூவருக்கும் நன்றி. நடுக்கம் எதுவும் இல்லை. அறுவடைக் காலத்தில் மட்டும் வரும் பழக்கம் இது. நண்பர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்கிறார்கள். உறுதி எடுத்ததைச் சொன்னால் பெருமை பேசுவதாக ஆகாதா? நோன்பை மறைவில் இருக்க இயேசு சொல்லியிருக்கிறாரே?

மறைக்கல்வி ஆசிரியை

மத்தேயு 6-இல் ஆண்டவர் கண்டிப்பது பிறர் பாராட்டுக்காகக் காட்டப்படும் நோன்பை. சோதனையை மறைத்து வைப்பது வேறு. நம் ஆசைகள் இரகசியமாகவே இருக்கவேண்டும் என்பதுதான் பகைவனாகிய அலகையின் விருப்பம் என்றும், நல்ல ஆன்மகுருவிடம் அவற்றைத் திறந்து சொன்னதும் அவன் தளர்ந்துபோகிறான் என்றும் இயேசு சபைத் துறவற சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் எழுதியிருக்கிறார். ஆகவே நண்பர் கூட்டம் முழுவதற்கும் அறிவிக்கத் தேவையில்லை. ஒப்புரவு அருளடையாளத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு)ச் செல்லும்போது பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்; வீட்டில் மனைவியிடமோ மூத்தவர் ஒருவரிடமோ சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அந்த நண்பரையும் கோவிலில் நடக்கும் சிலுவைப் பாதைச் செபத்துக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். வரவில்லை என்றாலும், அன்று நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.