தமிழ் சப்டைட்டில் பார்த்துத் தர யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். லண்டன்ல எங்க ஏரியா ஹால்ல அக்டோபர்ல கறுப்பின வரலாற்று மாசத்துக்கு டாக்குமெண்டரி போடுறோம், ஜமைக்கா குடும்பங்கதான் நடத்துறாங்க, நான் கூடமாட உதவி. போன தடவை நம்ம அம்மாக்கள் நாலஞ்சு பேர் வந்து இங்கிலீஷ் புரியாம பாதியில எழுந்து போயிட்டாங்க, ரொம்ப கஷ்டமாயிடுச்சு, அதான் இந்தத் தடவை தமிழ் சப்டைட்டில் நானே போடுறேன்.

படம் 1831ல ஜமைக்காவுல நடந்த கிறிஸ்துமஸ் எழுச்சி பத்தி. கூலி இல்லாம கரும்பு வெட்ட மாட்டோம்னு அங்க அடிமையா உழைச்ச சாம் ஷார்ப் ஆரம்பிச்ச வேலைநிறுத்தம் பெரிய கலகமாச்சு, 1832 மே மாசம் அவரைத் தூக்குல போட்டாங்க. 1833லயே பிரிட்டன்ல அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்துச்சு, ஆனா 2 கோடி பவுண்டு நஷ்டஈடு முதலாளிங்களுக்குத்தான், அடிமையா உழைச்சவங்களுக்கு ஒரு பைசா கிடையாது, இந்த வரியை டைப் பண்றப்போ கை நின்னுடுச்சு.

இப்போ சிக்கல் என்னன்னா 'அடிமைகள்'னு போட எனக்கு மனசு வரல, அது அவங்க பிறவி மாதிரி ஆயிடுது. 'அடிமைப்படுத்தப்பட்டவர்கள்'னு போட்டா ஸ்கிரீன்ல முக்கால் வரியை அதுவே தின்னுடுது, படிக்கிறதுக்குள்ள சீன் போயிடுது. சின்னதா மரியாதையா வேற வார்த்தை இருக்கா? அப்புறம் ரெண்டு பேர் ஒரு சாயங்காலம் ஒதுக்கி முழுசா படிச்சுப் பிழை சொன்னா பெரிய உதவி, இன்பாக்ஸ்ல வாங்க, ஃபைல் அனுப்புறேன்.