யேமனின் முதல் அரசு: மூன்றுக்கு இரண்டு எப்படிச் சமம்?

வாவிக்கரையான்:
மருதமுனைத் தம்பி நேற்று எழுதியதை வாசித்து இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. 1990 மே 22இல் வட யேமனும் தென் யேமனும் ஒரு நாடானபோது, முதல் அரசில் இரு தரப்புக்கும் சரிசமமான பங்கு கிடைத்ததாம். நாட்டின் உச்ச அதிகாரமான சனாதிபதிப் பேரவையில் ஐந்து பேர். வடக்குக்கு 3, தெற்குக்கு 2. தலைவர் அலி அப்துல்லா சாலிஹ், வடக்கு. தெற்கின் அலி சாலிம் அல்பீத் துணைத் தலைவர்தான். மூன்றும் இரண்டும் சமமென்று எங்கே படித்தீர்கள்?

மருதமுனையான்:
அண்ணன், பேரவையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீங்க. அமைச்சரவையையும் பாருங்க. 39 பேரில் வடக்கு 20, தெற்கு 19. பிரதமர் அல்அத்தாஸ் தெற்குக்காரர். அமைச்சர் வடக்கென்றால் துணை அமைச்சரைத் தெற்கிலிருந்து போட்டார்கள், தெற்கென்றால் வடக்கிலிருந்து. வடக்கின் சனத்தொகையோ தெற்கைவிடப் பல மடங்கு. தலைக்கணக்குப்படி பிரித்திருந்தால் தெற்குக்கு இந்த 19இல் பாதிகூட வந்திராது. இதைவிட என்ன கொடுக்கச் சொல்றீங்க?

வாவிக்கரையான்:
நான் கேட்டது பேரவையை. ஐந்தில் மூன்று ஒரு பக்கம் இருந்தால் மற்ற இரண்டு பேரும் ஒற்றுமையாகக் கை தூக்கினாலும் தோல்விதான். 3க்கு 2. இதற்குப் பதில் வரட்டும்.

மண்டூர்ப் பிள்ளை:
கதிரைகளை எண்ணுவதை விட்டுப் படைகளைப் பாருங்கள். அரசு ஒன்றானது, இராணுவம் ஒன்றாகவில்லை. இரண்டு படைகளும் தத்தம் தளபதிகளின் சொல்லைத்தான் கேட்டன. 1994இல் வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை தொடங்கி, யூலையில் தெற்கின் தலைநகராக இருந்த ஏடன் விழும்வரை நடந்ததற்கு அதுவே காரணம்.

வாவிக்கரையான்:
படைகள் ஏன் சேரவில்லை தங்கச்சி? பேரவையில் தோற்கிறவன் துவக்கைக் கையளிப்பானா? மறுபடியும் அதே 3க்கு 2தான்.

சம்மாந்துறைக் காக்கா:
நான் அந்தக் காலத்தில் சவூதியில் வேலை செய்தவன். அந்த அரசை முறித்தது காசு. ஈராக் குவைத்தைப் பிடித்த பிரச்சினையில் யேமன் சவூதியின் பக்கம் நிற்கவில்லை; 1990 நவம்பரில், ஈராக்குக்கு எதிராகப் படைபலத்தைப் பாவிக்க அனுமதிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபையில் எதிர்த்தும் வாக்களித்தது. சவூதிக்குக் கோபம்; அங்கே இருந்த யேமனியர் அந்த ஆண்டு இலட்சக்கணக்கில் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எங்களோடு வேலை செய்த பொடியன்கள் சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனதைக் கண்ணால் கண்டவன் நான். அனுப்புகிற காசும் நின்று, உதவியும் நின்றால் எந்தப் புது அரசு தாங்கும்?

வாவிக்கரையான்:
காக்கா, நம்ம இலங்கையில் அம்பாறை மாவட்டம் பிரிந்ததைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் கதையைத் திருப்பி வேறு பக்கம் கொண்டுபோனீங்க. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்தார்கள் என்று நான் சொன்னேன், நீங்க கரும்புத் தோட்டத்துக்குப் போயிட்டீங்க.

சம்மாந்துறைக் காக்கா:
ஆண்டை யார் மறுத்தது? பிரித்ததால் யாருக்குக் காணி போனது என்பதுதான் அன்றைய பேச்சு. கரும்புத் தோட்டமும் சேர்ந்த கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தைப் பேசாமல் அதை எப்படிப் பேசுவது? மட்டக்களப்பில் இருக்கிற உங்களுக்கு அம்பாறைக்காரன் என்ன சொன்னாலும் குறுக்குப் பேச்சுத்தான்.

மருதமுனையான்:
காக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

வாவிக்கரையான்:
பாருங்க, இப்ப மாவட்டச் சண்டையாக்கிட்டாங்க.

மண்டூர்ப் பிள்ளை:
கிளப்பினது நீங்கதான் அண்ணன். 1988இல் இங்கே இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் இணைத்து அமைந்த மாகாண அரசை நாங்கள் பார்க்கவில்லையா? 2006இல் நீதிமன்றத்தில் அந்த இணைப்பே செல்லாது என்றாகிவிட்டது. எத்தனை பேர் எந்தக் கதிரையில் என்ற கணக்கா அதைக் காப்பாற்றியது?

மருதமுனையான்:
அதை இதற்குள் இழுக்காதீங்க, அது வேறு கதை. யேமனுக்கு வருவோம். நாடாளுமன்றத்தில் 301 பேர். வடக்கின் பழைய சபையிலிருந்து 159, தெற்கின் சபையிலிருந்து 111, நியமனம் 31. சனத்தொகையை வைத்துப் பார்த்தால் இதுவும் தெற்குக்குத் தாராளம்தான்.

வாவிக்கரையான்:
159க்கு 111 சமமா? 20க்கு 19 சமமா? போகட்டும், இவற்றை நான் கேட்கவே இல்லை. சமம் என்று எழுதினது நீங்க. பேரவையில் 3க்கு 2 எப்படிச் சமம்? அதை மட்டும் சொல்லுங்க தம்பி.

மருதமுனையான்:
முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். மேலே போய் வாசியுங்க.

வாவிக்கரையான்:
வாசித்தேன். பேரவையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.