பெயரே தெரியாத ஒருவரை எங்கே போய் விசாரிப்பது?

சீசன் டிக்கெட்:
குரோம்பேட்டையிலிருந்து கோட்டைக்கு 11 வருடமாக மின்சார ரயிலில் போய்வருகிறேன். காலை எட்டேகால் வண்டி, முன்னாலிருந்து நான்காவது பெட்டி, இரண்டாவது வாசல். நான் ஏறும்போது ஒருவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பார். தாம்பரத்தில் ஏறுகிறவராக இருக்க வேண்டும். தோளில் மஞ்சள் பை, உள்ளே எவர்சில்வர் டிபன் கேரியர். பேப்பரை நாலாக மடித்துக் குறுக்கெழுத்து போடுவார். யோசிக்கும்போது பேனா காதுக்குப் போய்விடும். எழும்பூரில் இறங்குவார்.

11 வருடத்தில் வண்டிக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை. டெங்கு வந்து பத்து நாள் படுத்துவிட்டுத் திரும்பிய அன்று மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு வருடம் முன்பு சுவாமிமலைக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது படிக்கட்டில் அவர்! "அட, நீங்களா!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த 60 படிகளுக்கும் தமிழ் வருடங்களின் பெயர் உண்டல்லவா, தான் பிறந்த வருடம் என்று விசுவாவசு படியைக் காட்டினார். அங்கேயே ஓரமாக உட்கார்ந்து கால்மணி நேரம் பேசினோம். மகளுக்கு வரன் பார்ப்பது, மூட்டு வலி, கும்பகோணத்தில் டிகிரி காப்பி எங்கே நன்றாக இருக்கும் எல்லாம் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை, இரண்டு பேருமே கேட்கவில்லை.

திங்கட்கிழமை வண்டியில் ஏறினேன். அவர் குறுக்கெழுத்து, நான் செல்போன். பழையபடி.

இப்போது ஐந்து வாரமாக ஆளைக் காணோம். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. வீட்டில் சொன்னால் "யார் அவர்?" என்கிறாள் மனைவி. பதில் தெரியவில்லை. இது என்ன மாதிரி உறவு? நான் என்ன செய்வது?

பல்லாவரம் அக்கா:
தம்பி, இது ஆண்கள் பெட்டியில்தான் நடக்கும். எங்கள் லேடீஸ் பெட்டியில் ஒரே மாதத்தில் மாமியார் பெயர்வரை தெரிந்துவிடும். கீரை ஆய்வோம், பூ கட்டுவோம், போன வருடம் ஒரு பெண்ணுக்கு மாம்பலத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவில் வளையல் போட்டு, சாதம் ஊட்டியே அனுப்பினோம். (எலுமிச்சை சாதம் நான்தான் கொண்டுபோனேன்.) அதில் கஷ்டமும் உண்டு, ஒரு நாள் முகம் வாடியிருந்தால் காரணம் சொல்லாமல் இறங்க முடியாது. நீங்கள் ஏன் சுவாமிமலையிலேயே போன் நம்பர் வாங்கவில்லை?

பாதியில் விட்ட எம்.ஏ.:
உங்கள் கதை எனக்குப் பாடம் மாதிரி இருக்கிறது. ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'தெரிந்த அந்நியர்' என்று சொல்லலாம். அவருடைய மாணவர்கள் நியூயார்க் பக்கத்து ரயில் நிலையங்களில் காலையில் காத்திருப்பவர்களைப் படம் பிடித்து, அடுத்த வாரம் அதே பயணிகளிடம் கொடுத்து "யாரைத் தெரியும்?" என்று கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் குறைந்தது ஒரு முகமாவது தெரிந்திருந்தது. சராசரியாக 4 பேரை முகமாக மட்டும் தெரியும், பேசிப் பழகியவர்களோ 1.5 பேர்தான்.

இதை அவர் 'உறவே இல்லாத நிலை' என்று ஒதுக்கவில்லை. பேசாமல் இருப்போம் என்று இருவரும் ஒப்புக்கொண்ட உறவு என்றார். நகரத்தில் கண்ணில் படுகிற எல்லாரிடமும் பேசினால் தலை வெடித்துவிடும், அதனால் முகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நாளாக ஆக அந்த ஒப்பந்தம் கெட்டிப்படும். மணி கேட்க வேண்டுமென்றால்கூட 11 வருடமாகப் பார்ப்பவரை விட்டுவிட்டு முன்பின் தெரியாதவரிடம் கேட்போம்.

ஊர் மாறினால் ஒப்பந்தம் செல்லாது. வழக்கமாகப் பார்க்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவுக்குப் பேசும் வாய்ப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறார். உங்களுக்குச் சுவாமிமலை கிடைத்தது.

ஓரமாக நிற்பவன்:
சார், ஐந்து வாரம் காணோம் என்று ஒருத்தரைத் தேடிப் போவது கொஞ்சம் அதிகம். நானும் தினமும் ரயிலில் போகிறவன்தான். பேசாமல் நிற்கிற அந்த 40 நிமிடம்தான் எனக்குச் சொந்தமான நேரம். ஆபீஸில் ஒருவர், வீட்டில் நால்வர், நடுவிலாவது விடுங்கள்.

பாதியில் விட்ட எம்.ஏ.:
ஓரமாக நிற்பவரே, சிகாகோ ரயில் பயணிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். நிக்கலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. சிலரைப் பக்கத்து ஆளிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாகப் போனது. எது இனிமை என்று சும்மா ஊகிக்கச் சொன்னபோது மக்கள் நேர்மாறாகச் சொன்னார்கள்.

ஓரமாக நிற்பவன்:
சிகாகோவில் உட்கார இடம் கிடைத்திருக்கும். கிண்டி தாண்டியும் ஒற்றைக் காலில் நிற்கிறவனைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பல்லாவரம் அக்கா:
ஒன்று தோன்றுகிறது. விசுவாவசு என்றால் 1965-66. அந்த வருடமே மறுபடி இப்போதுதான் வந்தது. 60 முடிந்திருக்கும். தம்பி, அவர் ரிடையர் ஆகியிருப்பார். அரசாங்க வேலை என்றால் நிச்சயம்.

சீசன் டிக்கெட்:
அக்கா, அந்தப் படியை எனக்கே காட்டினார், எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். கடைசி வாரம் ஒரு நாள் குறுக்கெழுத்து போடாமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அதுவும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

சீசன் டிக்கெட் (மூன்று நாள் கழித்து):
இன்று காலை துணிந்துவிட்டேன். அதே வாசலில் பல்லாவரத்தில் ஏறுகிற, எப்போதும் இயர்போனோடு நிற்கிற ஒரு பையன் உண்டு. அவனிடமும் நான் பேசியதில்லை. "தம்பி, மஞ்சள் பை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பாரே…" என்று ஆரம்பித்தேன். இயர்போனை உடனே கழற்றினான்.

"நானே உங்களிடம் கேட்கணும்னு இருந்தேன் சார். அவர் எங்கே? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வருவீங்க?"