கன்னிமாடமா, தெரிமகளிர் மனையா? 'அக்ல்யவாசி'க்கு ஒரு சொல்

வணக்கம்.

தென்னமெரிக்க இன்காப் பேரரசின் கோயில் வாழ்க்கை பற்றிய கட்டுரைக்காக 'அக்ல்யவாசி'க்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். அரசு தெரிந்தெடுத்த பெண்கள் ('அக்ல்ய') தங்கி வேலைசெய்த வீடு அது. வந்த பரிந்துரைகளையெல்லாம் படித்தேன்.

> ஒலிபெயர்த்து அப்படியே வைத்துக்கொள்ளலாமே?

வேறு சொல்லாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். இன்காக்களின் கெச்சுவா மொழியில் 'வாசி' என்றால் வீடு. நமக்கோ நகரவாசி, கிராமவாசி என்று குடியிருப்பவரைக் குறிக்கும் சொல். 'அக்ல்யவாசி' என்று படிப்பவர் அதை ஓர் ஆள் என்றே எடுத்துக்கொள்வார். இடம் காணாமல் போய்விடும்.

> கன்னிமாடம் அழகான பழஞ்சொல்.

அழகுதான். ஆனால் ஸ்பானியர் செய்த பிழையை நாமும் செய்வதாகிவிடும். அவர்கள் தமக்குத் தெரிந்த துறவு மடத்தை மனத்தில் வைத்து, இப்பெண்களைச் 'சூரியனின் கன்னியர்' என்றார்கள். இன்காத் தலைநகரான குஸ்கோவில் அக்ல்யவாசி இருந்த இடத்தின் மேலேயே சாந்தா கத்தலினா கன்னியர் மடத்தையும் கட்டினார்கள். அந்தப் பெயர் ஆய்வையும் ஆட்டிவைத்தது. மாச்சு பிச்சு என்ற இன்கா மலையூரில் 1912-இல் எடுத்த எலும்புக்கூடுகளில் மிகப் பெரும்பாலானவை பெண்களுடையவை என்று அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் ஈட்டன் 1916-இல் எழுதினார். அது சூரியக் கன்னியரின் ஊர் என்ற கதை நிலைத்தது. பிற்பாடு மானிடவியலாளர் ஜான் வெரானோ அதே எலும்புகளை மீண்டும் ஆராய்ந்தபோது, ஆண்களும் கணிசமாகவே இருந்தார்கள்.

தளிச்சேரி, அதாவது சோழர் காலத்தில் கோயில் பெண்டுகள் குடியிருந்த தெரு, என்ற பரிந்துரையும் வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், அங்கே குடியேற்றிய 400 பெண்டுகளுக்கும் பெயர் உண்டு, வந்த ஊர் உண்டு, வீடும் பங்கும் உண்டு. அக்ல்யப் பெண்களின் நிலை வேறு. பத்து வயதையொட்டிய சிறுமிகளை அரசு ஆள் அனுப்பித் தெரிந்தெடுத்துக் கொண்டுபோனது. அவர்கள் கும்பி என்னும் உயர்ந்த துணியை நெய்தார்கள், விழாக்களுக்கு மக்காச்சோள மது காய்ச்சினார்கள். வானுகோ பம்பா என்ற இன்கா நகரில் தொல்லியலாளர் கிரெய்க் மோரிஸ் அகழ்ந்த மதில் சூழ்ந்த வளாகத்தில் நூற்புக் கருவிகளும் பெரும் பானைகளும் கிடைத்ததைக் கொண்டுதான், அது அக்ல்யவாசி என்று கருதுகிறார்கள். அரண்மனைப் பணிப்பெண்கள் இருந்த சோழர் கால 'வேளம்' இதற்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் அது அரண்மனையோடு நின்றுவிடுகிறது. இன்று அதற்கும் உரை எழுதவேண்டும்.

என் பரிந்துரை: அக்ல்ய = தெரிமகளிர், அக்ல்யவாசி = தெரிமகளிர் மனை.

'அக்ல்யாய்' என்ற வினைக்குப் பொருளே தெரிந்தெடுத்தல்தான். அந்த வினை நம் சொல்லிலும் நிற்கவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. தெரிந்தெடுக்கப்பட்ட பெண்களில் சிலர் கோயிலில் தங்கினார்கள், சிலரை இன்கா அரசன் பிரபுக்களுக்கு மணமுடித்துக் கொடுத்தான், சிலர் மலையுச்சிப் பலிக்குப் போனார்கள். 1999-இல் அர்ஜென்டினா எல்லையிலுள்ள லுல்லாய்லாக்கோ எரிமலையில் 6,700 மீட்டருக்கு மேல் கண்டெடுத்த, அப்படிப் பலியான மூன்று பிள்ளைகளில் மூத்தவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். அவள் கூந்தலை ஆராய்ந்ததில், சாவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன் அவளுடைய உணவு திடீரென்று செழிப்பாக மாறியது தெரிந்தது. அவளும் அக்ல்யப் பெண்ணாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். அவளைக் 'கன்னி' என்று மட்டும் சொன்னால், அவளைத் தெரிந்தெடுத்த கை மறைந்துபோகிறது.

'தெரி' என்றால் இன்று 'கண்ணுக்குத் தெரி' என்றுதானே படிப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் 'தெரிந்து தெளிதல்' என்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம், 'தெரிவு' என்ற சொல் ஈழத்தில் நாள்தோறும் புழங்குகிறது. 'தேர்மகளிர்' என்று மாற்றினால் தேர்ச்சக்கரம் குறுக்கே வரும்.

இன்னொன்று. இவர்களை வளர்த்துப் பயிற்றிய மூத்த பெண்களை 'மாமாகுனா' என்பார்கள். கெச்சுவாவில் மாமா என்றால் தாய், குனா பன்மை விகுதி. இதற்குப் புதுச்சொல் தேடவேண்டாம். 'தாய்மார்' என்று எழுதினால் ஒட்டுக்கு ஒட்டு பொருந்துகிறது.

'மனை'க்குப் பதில் 'இல்லம்' வேண்டும் என்பவர்கள் காரணம் எழுதுங்கள். எனக்கு 'இல்லம்' என்றால் முதியோர் இல்லம்தான் நினைவுக்கு வருகிறது.