கிட்டார் ஆம்ப் சவுண்ட் வந்து வந்து போகுது, உங்களுக்கு ஃபால்ட் எங்க மாட்டுச்சு?

கிளீன்டோன்:
ரிஹர்சல்ல பாட்டு பாதில சவுண்ட் பொசுக்குனு விழுந்துடும், ட்ரெபிள் சுத்தமா போயிடும், கம்பியெல்லாம் சேத்து ஒரு கார்ட ஓங்கி அடிச்சா திரும்ப வந்துடும். ட்ரம்மர் இதுக்கே பழகிட்டான், சவுண்ட் விழுந்தா என்னப் பாத்துக்கிட்டே ஒரு க்ராஷ் அடிப்பான். கேபிள் மாத்தியாச்சு, கிட்டார் மாத்தியாச்சு, ப்ரீஆம்ப்ல, அதான் சிக்னல முதல்ல ஏத்தற பக்கத்துல, இருக்கற வால்வு ட்யூப் ஒண்ணொண்ணா மாத்தியாச்சு, ம்ஹூம். கடைசில பேஸ் வாசிக்கிறவன் பொறுமை போய் ஆம்ப் பின்னாடி குனிஞ்சு ஒரு குட்டி பேட்ச் கேபிள எஃபெக்ட்ஸ் லூப் (நடுவுல பெடல் மாட்டறதுக்கான ரெண்டு ஜாக்) சென்ட்லேருந்து ரிட்டர்ன்ல குத்தினான் பாருங்க, அதுக்கப்புறம் ரிஹர்சல் முடியற வரைக்கும் சவுண்ட் விழவே இல்ல. அந்த லூப்ப நான் யூஸ் பண்ணதே இல்ல! அதுதான் பிரச்சனையே. ரிட்டர்ன் ஜாக்ல ஒண்ணும் குத்தலைன்னா உள்ள ஒரு சின்ன தகடு ஒட்டிக்கிட்டு நிக்கும், சிக்னல் அது வழியாத்தான் பவர் ஆம்ப்புக்கு, அதான் ஸ்பீக்கர ஓட்டற பக்கத்துக்கு, போகும். யாரும் தொடாம கிடந்தா அது கறுத்துடுது. கேபிள குத்தினா அந்தத் தகட்டுக்கு வேலையே இல்ல. உங்களுக்கெல்லாம் எங்க மாட்டுச்சு?

மூணாம்பின்:
எல்லாத்துக்கும் லூப் ஜாக்னு கிளம்பிடாதீங்க ப்ரோ. என்னோடது ரெண்டு இஎல்34 பவர் ட்யூப் போட்ட ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), லூப்பே கிடையாது. ஆன் பண்ணி கொஞ்ச நேரம் தங்கமா ஓடும், சூடு ஏறினதும் படபடன்னு பட்டாசு சத்தம். ஆளாளுக்கு ட்யூப் போச்சு ட்யூப் போச்சுன்னான், புது ட்யூப் போட்டும் அதே கதைதான். ஒரு நாள் கரண்ட் போச்சு, திரும்ப வந்தப்ப ரூம் லைட்டப் போடாம ஆம்ப்ப மட்டும் ஆன் பண்ணிட்டு உக்காந்திருந்தேன், அப்பதான் கண்ணுல பட்டுச்சு, பவர் ட்யூப் சாக்கெட் அடில நீலமா ஒரு பொறி. மூணாவது பின்லேருந்து ரெண்டாவதுக்குத் தாவுது! மூணாவது பின் ப்ளேட், நானூறு வோல்ட்டுக்கு மேல நிக்கும். ரெண்டாவது பின் ஹீட்டர், ட்யூப சூடாக்கற இழை. நடுவுல சாக்கெட்டே கரிஞ்சு ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கு. கரி கரண்ட்ட கடத்தும், அதனால அதத் துடைச்சுப் பிரயோஜனமில்ல, செராமிக் சாக்கெட் மாத்தினேன், அதோட நின்னுச்சு. அதுக்கு முன்னாடி லூஸ் எங்கன்னு தேடி உள்ள பென்சிலால தட்டித் தட்டிப் பாத்தப்பல்லாம் ஒண்ணுமே சிக்கல.

பத்திரம்பா:
பென்சிலா?? அய்யா, உள்ள இருக்கறது கிராஃபைட், அதுல கரண்ட் பாயும். நானூறு வோல்ட் ஓடற இடத்துல பென்சிலோட போனீங்களா. காய்ஞ்ச மரக்குச்சி போதும். தட்டும்போது இன்னொரு கை பாக்கெட்ல.

என் கதை சின்னது. வால்யூம் ஏத்தினா மட்டும் சவுண்ட் விட்டு விட்டு வரும், மெதுவா வாசிச்சா ஒண்ணும் இருக்காது. ஸ்பீக்கர் கோன்லேருந்து (அதிர்ற கூம்பு) டெர்மினலுக்குப் போகுமே பின்னல் வயரு, அது கோனோட ஓரத்துல அறுந்து ஒரு இழைல தொங்குது. ஆம்ப்ப ஆஃப் பண்ணிட்டு கோன விரலால லேசா முன்னாடி தள்ளினேன், மீட்டர்ல ரீடிங் காணாமப் போச்சு, விட்டேன், வந்துச்சு. அவ்ளோதான். ஆனா ட்யூப் ஆம்ப்ல இத லேசா விடாதீங்க, வாசிக்கும்போது ஸ்பீக்கர் லைன் விட்டுப்போச்சுன்னா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்ல வோல்ட்டேஜ் எகிறி இன்சுலேஷன் போயிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் போனா அதோட செலவே வேற.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். கண்டபடி ட்யூப் வாங்கறதுக்கு முன்னாடி ஆம்ப்ப ரெண்டா வெட்டிப் பாருங்க. லூப் இருந்தா சென்ட்லேருந்து வேற ஒரு ஆம்ப்புக்கு கேபிள் போட்டு வாசிங்க. சவுண்ட் விழறப்ப அந்த ஆம்ப்லயும் விழுந்தா கோளாறு ப்ரீஆம்ப் பக்கம். அது ஒழுங்கா ஓடினா நேரா ரிட்டர்ன்ல ஒரு பெடல் வழியா குத்தி பவர் ஆம்ப்ப மட்டும் ஓட்டிப் பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். மூணு ட்யூபையும் கேபிளையும் சேத்து மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா எதுனால சரியாச்சுன்னு யாருக்குத் தெரியும்? ட்யூபப் புடுங்கிப் போட்டதுல சாக்கெட் பின்னு தேஞ்சு சுத்தமாகியிருக்கும், நீங்க ட்யூப் கடைக்குப் போயிருப்பீங்க. உள்ள கை வைக்கறதா இருந்தா ப்ளக்கப் புடுங்கினா மட்டும் போதாது, ஃபில்டர் கபாசிட்டர் சார்ஜ வச்சுக்கிட்டு நிக்கும். ரெசிஸ்டர் வழியா இறக்கி, மீட்டர் வச்சு பூஜ்யம் பக்கம் வந்துச்சான்னு பாத்துட்டுத்தான் விரல் போகணும். ஸ்க்ரூட்ரைவரால ஷார்ட் பண்றது வேணாம்.

மூணாம்பின்:
ரப்பர் பக்கம்தாங்க தட்டினேன்.

பத்திரம்பா:
ரப்பரப் புடிச்சிருக்கற வளையம் தகரம்.

பாட்_புலவர்:
கிளீன்டோனுக்கு யாராவது காண்டாக்ட் க்ளீனர் அடின்னு சொல்றதுக்குள்ள வந்துட்டேன். ஜாக்குக்கு சரி, ஆனா கரகரன்னாலே ஸ்ப்ரேன்னு ஒரு வியாதி இருக்கு. என் ஆம்ப்ல வால்யூம் பாட் (திருகற குமிழ்) திருப்பினா கரகரக்கும், அடிச்சா நாலு நாள் நல்லாருக்கும், திரும்ப ஆரம்பிக்கும். புது பாட்டே போட்டேன், அதுவும் கரகரக்குது. அப்புறம் சும்மா மீட்டர டிசில வச்சு பாட்டோட கால்ல வச்சா வோல்ட்டேஜ் காட்டுது! அங்க டிசியே இருக்கக்கூடாது. முன்னாடி இருக்கற கப்ளிங் கபாசிட்டர் (சிக்னல விட்டு டிசியத் தடுக்கறது) லீக் ஆகி 12ஏஎக்ஸ்7ங்கற ப்ரீஆம்ப் ட்யூப் ப்ளேட்டோட டிசிய உள்ள விட்டுக்கிட்டு இருந்திருக்கு. கபாசிட்டர மாத்தின நிமிஷம் பாட் வெண்ணெய் மாதிரி திரும்புது. புது பாட்டுக்குப் போட்ட காசு போனதுதான். இதே லீக் பவர் ட்யூபுக்கு முன்னாடி இருக்கற கபாசிட்டர்ல வந்தா பயாஸ் (ட்யூப்ல ஓடற கரண்ட்ட அடக்கி வைக்கற வோல்ட்டேஜ்) கவுந்து ட்யூப் ப்ளேட் செக்கச்செவேல்னு ஆயிடும், அதுக்கு எந்த ஸ்ப்ரேயும் கிடையாது.

மொட்டைமாடி:
எல்லாரும் கண்டுபிடிச்ச கதையாவே சொல்றீங்க, என்னோடது கடுப்புக் கதை. காம்போ ஆம்ப் (ஸ்பீக்கரும் அதே பெட்டிலதான்), வாசிக்கும்போது திடீர்னு சுத்தமா செத்துடும், மேல ஒரு குத்து விட்டா வரும். சர்வீஸ்ல குடுத்தேன், நல்லாத்தான் ஓடுதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டாவது பாட்டுல செத்துச்சு. வீடியோ எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினேன், அவர் கண்ணு முன்னாடியே ஆன் பண்ணினா தேன் மாதிரி ஓடுது, எனக்கு அப்படியே தரைக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

வேற ஒருத்தர்கிட்ட கொண்டுபோனப்பதான் புரிஞ்சுது. மேஜைல சேஸிஸ (சர்க்யூட் இருக்கற தகரச் சட்டம்) வெளிய எடுத்து, மல்லாக்கப் போட்டு, ஸ்பீக்கருக்குப் பதிலா டம்மி லோட் (சத்தம் போடாத ஒரு பெரிய ரெசிஸ்டர்) மாட்டித்தான் டெஸ்ட் பண்றாங்க. பெட்டிக்குள்ள அது தலைகீழாத் தொங்குது, அடில ட்யூப் சூடு, பக்கத்துலயே ஸ்பீக்கர் அதிருது. மேஜைல அதிர்வும் இல்ல, சூடும் ஏறல, அப்புறம் எப்படி சாகும்? இவர் சேஸிஸ் பெட்டிக்குள்ளயே இருக்க, ஹேர் ட்ரையரால சூடேத்தி, லோ ஈ, அதான் தடிச்ச கம்பிய, அடிச்சுக்கிட்டே இருக்கச் சொன்னார், செத்துச்சு. அப்புறம்தான் வெளிய எடுத்து லென்ஸ் வச்சுப் பாத்தார். பெரிய அஞ்சு வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போர்டுல படுத்துக்கிட்டு இருந்துச்சு, அது காலச் சுத்தி சால்டர்ல முடி மாதிரி ஒரு வளைய விரிசல். ட்ரை சால்டர், அதான் விட்டுப்போன பத்தவைப்பு. சூட்டுல விரிஞ்சு விடும், குத்தினா ஒட்டும். பழச உறிஞ்சிட்டு புதுசா வச்சார், ரெசிஸ்டரயும் போர்டுலேருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தினார்.

கிளீன்டோன்:
மொட்டைமாடி, உங்க ஆம்ப் குத்தினா வருது, என்னோடது கார்ட ஓங்கி அடிச்சா வருது. அப்ப எனக்கும் ட்ரை சால்டரா இருக்குமோ? ஜாக் க்ளீன் பண்ணினேன், இப்ப ஓடுது, ஆனா நம்பிக்கை வரல.

பாட்_புலவர்:
பேட்ச் கேபிள் போட்டப்ப முழு ரிஹர்சலும் சவுண்ட் விழாம இருந்துச்சுல்ல? அப்ப தகடுதான். ஜாக்க மாத்திடுங்க, க்ளீன் பண்ணினது மறுபடி கறுக்கும். அதுவரைக்கும் கேபிள் பின்னாடியே இருக்கட்டும். மாத்தும்போது போர்டுல ஜாக்கோட கால் சால்டரையும் ஒரு தடவ பாருங்க, கேபிள் இழுத்து இழுத்து அங்கதான் முதல்ல விரியும்.

பத்திரம்பா:
ஃபில்டர் கபாசிட்டர இறக்கிட்டு.