பதில்: பாபின் ஹோல்டர் – 'நூற்கண்டு தாங்கி' போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,
வணக்கம். 'பாபின் ஹோல்டர்' (bobbin holder) என்ற கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'நூற்கண்டு தாங்கி' என்றே வைத்துக்கொள்ளலாமே. பார்த்ததும் பொருள் விளங்குகிறது.

எனக்கு அதில் உடன்பாடில்லை. தாங்கி என்றால் ஒன்றைச் சுமந்துகொண்டு நிற்பது. மீன் தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்டுகிறவர், அதாவது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல இரை செய்கிறவர், கையில் இந்தக் கருவி அப்படிச் சும்மா நிற்பதே இல்லை.

இதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். எஃகுக் கம்பியில் வளைத்த இரண்டு கைகள். நுனியில் சிறு குமிழ்கள். அவை நூற்கண்டின் இரு பக்கத் துளைகளிலும் போய் உட்காரும். கைகள் சேருமிடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய குழல். கண்டிலிருந்து உருவி வரும் நூல் அதன் வழியாகத் தூண்டில் முள்ளுக்குப் போகிறது. அவ்வளவுதான்.

இது வருவதற்கு முன் இங்கிலாந்தில் பட்டுநூலைத் துண்டு துண்டாக வெட்டி, மெழுகு தேய்த்து, விரலால் பிடித்தே சுற்றினார்கள். அடுத்த இறகை எடுக்கக் கையை விட்டால் சுற்று தளர்ந்துவிடும். அதற்காக நடுநடுவே முடிச்சுப் போடவேண்டும், அல்லது நூல் நுனியில் ஒரு கிடுக்கியைத் தொங்கவிடவேண்டும். இப்போது கையை விட்டாலும் கருவியின் எடையே நூலை விறைப்பாக வைத்திருக்கிறது. கண்டு தானாக உருளுவதில்லை. ஆனால் நாம் இழுத்தால் நூல் தடையில்லாமல் வரவேண்டும். விடவும் வேண்டும், விடாமலும் இருக்கவேண்டும். இந்த இரண்டும் அந்தக் கம்பிக் கைகளின் பிடியில்தான் இருக்கின்றன. ஆகவே நான் முன்மொழிவது: கண்டுக்கவை.

கவை என்பது இரண்டாகப் பிரியும் கிளை. கவைக்கோல் என்ற சொல் நம்மிடம் பழங்காலம் தொட்டு இருக்கிறது. சொல்லைக் கேட்டதும் உருவம் கண்முன் வருகிறது.

நல்ல கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் முதலில் சோதிப்பது கவையைத்தான். முள்ளில் நூலைச் சுற்றிவிட்டுக் கருவியைத் தொங்கவிடுங்கள். தானாகக் கீழே இறங்கினால் பிடி தளர்வு. இழுக்கும்போது வெட்டி வெட்டி வந்தால் இறுக்கம். புதியவை பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கும்; கண்டைக் கழற்றிவிட்டுக் கைகளை மெல்ல வெளிப்பக்கம் விரித்தால் போதும். 140 டெனியர் நூலுக்குச் சரியாக இருக்கும் இறுக்கம் 70 டெனியரை அறுத்துவிடக்கூடும். 70 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூலின் எடையே 70 கிராம்தான், அத்தனை மெலிது. இறுக்கத்தைத் திருகி மாற்றும் வகையும் கிடைக்கிறது, ஆனால் தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

> குழலை விட்டுவிட்டீர்களே ஐயா. நூலை அறுப்பது பெரும்பாலும் குழல்தானே? 'நூற்குழல்' என்று பெயர் வைத்தால் என்ன?

நியாயமான கேள்வி. என் முதல் கருவியில் எட்டு, பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நூல் அறுந்துகொண்டே இருந்தது. கவையின் கைகளை விரித்துப் பார்த்தேன், நூலை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், குழலின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. அதன்மேல் நூலை முன்னும் பின்னும் இழுத்தபோது பஞ்சுபோல இழை கிளம்பியது. அன்றிலிருந்து குழல்வாய் வழவழப்பாக, சற்றே வெளிப்பக்கம் மலர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதில்லை. பீங்கான் குழல் நூலுக்கு மிக இதமானது; ஆனால் தரையில் விழுந்து விளிம்பு சிதறினால் அதுவே கத்தியாகிவிடும்.

இருந்தாலும் குழலை வைத்துப் பெயரிட எனக்கு மனம் வரவில்லை. நூற்குழல் என்றால் கண்டு எங்கே என்ற கேள்வி எழும். 'குழல்', 'குழல்வாய்' இரண்டையும் உறுப்புப் பெயர்களாக வைத்துக்கொள்வோம்.

> தறியில் தார்க்குச்சியை வைத்து ஓட்டும் நாடாவும் இதே வேலையைத்தானே செய்கிறது?

இந்த ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நூல் சுற்றிய தார்க்குச்சியைச் சுமந்து தறியில் குறுக்கே ஓடும் கருவிதான் நாடா; அதிலும் உள்ளே நூல், வெளியே ஒரு கண் (துளை), இழுத்தால் வருகிறது. அக்காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் நாடாவின் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சி நூலை வெளியே எடுத்தார்கள். பொய்ப்பூச்சி கட்டுகிறவர்கள் பலரும் குழலில் அப்படியேதான் செய்கிறார்கள்! ஆனால் நெசவு தெரியாதவருக்கு நாடா என்றால் துணிப்பட்டைதான். குழப்பம் வரும்.

வாயால் உறிஞ்சாமல் குழலுக்குள் நூலை இழுத்துவர மெல்லிய கம்பி வளையம் ஒன்று உண்டு. குழலில் படியும் மெழுகைத் தள்ளவும் அது உதவும். அதற்குக் 'கோப்புக்கம்பி' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோக்க இதேபோன்ற வளையம் தையற்கடைகளிலும் இருக்கிறது. அங்கே அதற்கு வேறு பெயர் புழக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள்; என்னுடையதை அடித்துவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்